ஏழாம் குடில்

நசிமியு இலையைப் புரட்டுகிறாள்.
பத்து மடங்கு லென்சை இமையோடு ஒட்டி
விடிந்ததிலிருந்து
ரோஜாவின் அடிவயிற்றைப் படிக்கிறாள்.
பூவை அவள் பார்ப்பதே இல்லை.

அவள் சிவப்பு நாடா கட்டிய பாத்திக்கு
நான் வருவேன்,
நீளக் குழாயும் ரப்பர் உடுப்பும்
உடுப்புக்குள் ஒரு வாளி வேர்வையுமாக.
இங்கே அதற்குப் பெயர் தவா.
என் மகள் காய்ச்சலுக்குக் குடிப்பதும்
தவாதான்.

போன மாதம் ஒரு தவா, பழகிவிட்டன.
இந்த மாதம் வேறு.
நைவாஷா வெயிலில் சிலந்திப்பேனுக்கு
ஒரு தலைமுறை என்பது
எனக்கு ஒரு வாரக் கூலி.

நசிமியு என்றால் வறட்சியில் பிறந்தவள்.
அவையும் அப்போதுதான் பிறக்கின்றன.

காதலர் தினத்துக்குப் பதினெட்டு நாள்.
மேலாளர் முதுரி பலகையில் எழுதினார்:
ஒரு பேன்கூடக் கூடாது.
அக்கரையிலும் ஒருவர் லென்சோடு நிற்கிறாராம்.

வியாழனன்று அவள் போத்தலில்
வேட்டைப்பேன்களைக் கொண்டுவந்தாள்.
இலைமேல் உப்புப்போல் தூவினாள்.
ஒன்றும் தெரியவில்லையே என்றேன்.
லென்சைத் தந்தாள்.
ஓர் ஆரஞ்சுத் துளி
ஒரு முட்டையை அணைத்திருந்தது.
முத்தம் என்று நினைத்தேன்.
குடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு. நாற்பத்தோராம் பாத்தி.
இலைக்குப் பதினொன்று எண்ணினாள்.
தாளில் மூன்று என்று எழுதினாள்.

பதினொன்று என்றால் நான் வருவேன்.
நான் வந்தால்
தின்பதும் சாகும் தின்னப்படுவதும் சாகும்,
பிறகு தின்னப்படுவது மட்டும்
திரும்பி வரும்.

அவள் எழுதியதை நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
அன்று தொட்டியைக் கழுவினேன்.
கழுவிய தொட்டியை
இன்னொரு முறை கழுவினேன்.

திங்கள், ஒன்பது. மூன்று என்று எழுதினாள்.
செவ்வாய், பதின்மூன்று. அவள் கை
சற்று நின்றது. நான்கு.
அன்றிரவு தூக்கத்தில் நான் எண்ணினேன்,
எண்ணும்போதே எண்ணிக்கை ஓடியது.

புதன் காலை முதுரி லென்ஸ் கேட்டார்.
குனிந்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தார்,
யாரும் சொல்லவில்லை.
குடிலின் பிளாஸ்டிக் காற்றில் ஒருமுறை உப்பி
அடங்கியது.

"ஓடுகிறதே இங்கே ஒன்று.
இது எந்தக் கட்சி?" என்றார்.

நசிமியுவின் பையிலிருந்து
சிவப்பு நாடாவின் முனை
வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
அவள் அதை உள்ளே தள்ளவும் இல்லை,
இழுக்கவும் இல்லை.