காலி எடை

இரவு ஒன்றரை. முசாஃபாவில் லாரி ஓய்ந்த நேரம்.
எடைமேடைக் கம்ப்யூட்டரின் முதுகில்
இரண்டு பென் டிரைவ் செருகியிருக்கிறேன்.
ஒன்றில் லினக்ஸ் மூட்டையாகக் கிடக்கிறது.
பிரித்து மற்றதில் குடிவைக்க வேண்டும்.

மொழி என்றது. தமிழ் என்றேன்.
பெயர் என்றது.
பாஸ்போர்ட்டில் பிழையோடு அச்சானதை விட்டுவிட்டு
தொம்மை என்று அடித்தேன். வாங்கிக்கொண்டது.
கடவுச்சொல் பலவீனம் என்றது.
இருக்கட்டும்.

திரையில் மூன்று தட்டுகள்.
பெரியது கம்பெனியுடையது,
ஆறு வருடத்து மணலும் ஜல்லியும் அதற்குள் கணக்காக இருக்கின்றன.
எட்டு ஜிபி, மூட்டை வந்தது.
அறுபத்து நான்கு, என்னுடையது,
பன்னிரண்டு திர்ஹம், பேரம் பேசாமல் வாங்கியது.
அளவை வைத்து ஆளை அறிவதுதான் என் பிழைப்பு.
இருந்தும் மூன்று முறை எண்ணினேன்.

‘நிறுவு’மேல் விரல் போனபோது ஹாரன்.
குல் ஜமான். ஃபுஜைராவிலிருந்து பாறைப்பொடி.
கையை எடுத்து அவனுக்குச் சலாம் வைத்துத் திரும்பினால்
அப்போதுதான் கண்ணில் படுகிறது அந்தக் கடைசி வரி:
பூட் லோடரை எங்கே வைக்க?
கேட்டுவிட்டு, தானாகவே
கம்பெனித் தட்டைத் தேர்ந்தும் வைத்திருக்கிறது.
விட்டிருந்தால்
காலையில் என் டிரைவ் இல்லாமல்
இந்த எந்திரம் கண் திறக்காது.
மத்தியானத்துக்குள் நான் பெட்டி கட்டியிருப்பேன்.

மாற்றினேன்.
அழுத்தினேன்.

நாற்பத்து மூன்று சதவீதத்தில் எறும்பாக ஊர்கிறது.
குல் ஜமான் மேடையேறி எஞ்சினை அணைத்துவிட்டான்.
வெளியே சிவப்பு எண்கள் மட்டும்: 61,240.
சீட்டு எங்கே என்கிறான் ஜன்னலில்.
பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து
பழைய பில் புத்தகத்தில் கையால் எழுதினேன்.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்,
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.

நாலேகாலுக்கு முடிந்தது.
இரண்டையும் உருவிவிட்டுத் தொடங்கினேன்:
கம்பெனியின் நீலம், மணல், ஜல்லி, ஒரு மணி பிசகாமல்.
என்னுடையதைச் செருகித் தொடங்கினேன்:
கறுப்பு, இன்னும் கறுப்பு,
பிறகு நடுவில் தொம்மை.

ஆளில்லாத மேடைக்கு அதைக் கொண்டுபோய் வைத்தேன்.
நிறைந்த பின்னும் பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்கு எதுவும் பொருட்டில்லை.

எட்டு மணிக்கு பிஜு கேட்டார்,
இந்த ஒரு சீட்டு மட்டும் ஏன் கையெழுத்தில்?
பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்றேன்.

அவர் எழுந்து போய்
பிரிண்டரைத் திறந்தார்.