ஒன்றுக்கு இருபத்து நான்கு

மழைக்கு முந்தைய செலாயாங் மாலை.
காற்றைப் பிழிந்தால் சொட்டும்.
மின்விசிறியை நிறுத்திவிட்டேன்,
தூசு பறக்கக் கூடாது.
கம்ப்ரசரைப் பழைய துண்டில் சுற்றிக்
குளியலறைக்குள் வைத்திருக்கிறேன்;
அப்படியும் கீழ்வீட்டு மக்சிக் சலேஹா
போன வாரம் கேட்டாள்,
உன் வீட்டில் யாருக்கு ஆஸ்துமா என்று.

அக்ரிலிக் கொஞ்சம், தின்னர் அதைவிடக் கொஞ்சம் கூட.
கிண்ணத்தின் சுவரில் ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன்.
பால் போல வழிய வேண்டும்.
தயிராய் நின்றால் ஊசி அடைக்கும்,
தண்ணீராய் ஓடினால்
கதவோரம் சிலந்திக் கால்கள் விரியும்.

ஈப்போவில் ஒருவர் வார்த்துக் கொடுத்த ரெசின் சாகா,
என் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளம்.
அடிப்பூச்சு சாம்பல், காய்ந்துவிட்டது.
மேலே என்ன நிறம் என்பதில்தான் தகராறு.

கிள்ளானிலிருந்து மதிவதனி: மங்குஸ்தீன் தோல்.
ஜொகூரிலிருந்து யுகேந்திரன்:
அவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? மைலோ கலர்.
அம்மா: அது நம்ம கார் இல்ல, பேங்க் கார்.
பேங்க்கைப் போய்க் கேளு.

இருக்கிற ஒரே படத்தில்
கார் ஆரஞ்சாக இருக்கிறது.
யுகேந்திரனும் ஆரஞ்சாக இருக்கிறான்.

ஆகவே கரண்டிகள்.
நாசி லெமாக் கடை பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில்
பன்னிரண்டு விதமாக அடித்துப் பார்த்தேன்.
சிவப்பில் ஒரு சொட்டு கறுப்பு;
சிவப்பில் இரண்டு சொட்டு பழுப்பு, அரைச் சொட்டு நீலம்.
காம்புதோறும் எண்.
ஞாயிறு காலை அப்பா வந்தார்,
ஒன்றும் சொல்லாமல் ஏழாம் எண்ணை எடுத்துக்
கோப்பி கலக்கப் போனார்.
பிடுங்கிக்கொண்டேன்.

இன்னொரு கணக்கும் உண்டு.
அசல் நிறத்தை அப்படியே அடித்தால்
பொம்மை பொம்மையாகத்தான் தெரியும்.
தூரத்தில் நிற்கும் எதன் மேலும்
இடையிலுள்ள காற்று ஒரு கை பூசிவிடுகிறது.
அந்தக் காற்றையும் சேர்த்து அடிக்க வேண்டும்:
பத்துக்கு ஒன்று வெள்ளை.

ஏழில் வெள்ளை கலந்தேன்.
அழுத்தம் பதினைந்து.
விசையை அமுக்கினால் காற்று, பின்னிழுத்தால் நிறம்.
வண்டிக்கு வெளியே தொடங்கி
வண்டிக்கு வெளியேதான் நிறுத்த வேண்டும்.
நடுவில் குழாய் தண்ணீர் துப்பப் பார்த்தது;
வடித்துவிட்டு, காத்திருந்து, மறுபடி.

மூன்றாம் பூச்சு காய்கையில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அப்பா குனிந்தார்.
"இடப்பக்கப் பின் கதவு வேற கலர்."
என்ன?
"மோட்டார்க்காரன் இடிச்சுட்டான். கெப்போங்ல
செகண்ட்ஹேண்ட் கதவு. அடிச்சுக் குடுத்தான், சேரல.
சேர்ந்திடுச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லி வச்சேன்."

மதிவதனி எப்போதும் அந்தக் கதவில்தான் ஏறுவாள்.

டேப்பை நூலளவு கீற்றுகளாக அறுத்துக்
கதவைச் சுற்றி ஒட்டினேன்.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
ஒரு நிறத்தை,
சேரக் கூடாது என்று கலந்தேன்.
அதற்கும் அளவு இருக்கிறது.
அரைச் சொட்டு கூடினால்
யாரும் அம்மாவிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க முடியாது.

டேப்பை உரிக்கையில் இரவு பதினொன்று.
அப்பா சோபாவில் தூங்கிப்போயிருந்தார்.
காரைத் தரையில் வைத்துவிட்டு
முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

என் கண்ணுக்கும் தரைக்கும் மூன்று முழம்.
இருபத்து நான்கால் பெருக்கினால்
செந்தூல் பிளாட்டின் பதினோராம் மாடி.

இங்கிருந்து கதவின் வித்தியாசம் தெரியவில்லை.
அன்றும் தெரியவில்லை.
தொண்ணூற்று எட்டு, பள்ளி விடுமுறை,
முன்சக்கரங்களைத் தூக்கிக் கட்டிக்கொண்டு
பேங்க் லோரி கிளம்பிய காலை.
சத்தம் அவ்வளவு உயரம் வரவில்லை.
கீழே அப்பா,
பெருவிரல் அளவு,
இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி
லோரிக்காரனுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்,
தூணில் இடிக்காமல் ரிவர்ஸ் எடுக்க.