இடப்பக்கம்

பரீட்சை நாளில் வினாத்தாள் நான்தான்.
பச்சைச் சட்டை மாட்டி
ஏழாம் கட்டிலில் காலையிலேயே விரித்துவிடுவார்கள்.
முந்நூறு ரூபாய், பஸ் காசு, ஒரு சாம்பார் சாதம்.
குடியாத்தத்தில் ஒரு நாள் பீடி சுற்றி
எனக்கு இவ்வளவு தேறியதில்லை.

"கேட்டதுக்கு மட்டும் பதிலு, பச்சையம்மா.
நோவு பேரு வாயில வரக்கூடாது."
சிஸ்டர் எஸ்தர் ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள்.

பேர் எனக்குத் தெரியும்.
பதினோரு வயதில் முட்டி விட்டு முட்டி தாவிய காய்ச்சல்
போகிறபோது நெஞ்சுக்குள் ஒரு கதவைச்
சரியாகத் திறக்காதபடி செய்துவிட்டுப் போனது.
ஒரு டாக்டரம்மா தன் குழலை என் காதில் மாட்டிக்
கேட்கவும் வைத்திருக்கிறாள்:
நடுராத்திரியில் பாலாற்றுப் பாலத்தின்மேல்
சரக்கு வண்டி.
மல்லாந்து கிடந்தால் அது ஒளிந்துகொள்ளும்.
இடப்பக்கம் திருப்பி, மூச்சை விடச் சொல்லி,
குழலின் கிண்ணத்தை லேசாக வைத்தால்தான்
வண்டி வரும்.

மே மாதம். மின்விசிறி
வேலூர் வெயிலையே சுற்றிச் சுற்றித் தந்தது.
அந்த வெயிலிலும் முதல் பையனின் கை ஐஸ்கட்டி.
அடுத்தவன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை,
பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டுப் போனான்.
மூன்றாவது பெண், "எத்தன தலையண வெச்சிப் படுப்பீங்க?"
ஒன்று. அதற்கடியில் பீடி இலை மூட்டை.
இரண்டு என்று எழுதிக்கொண்டாள்.

அப்புறம் நீ.
பேட்ஜை நான் உற்றுப் பார்ப்பதற்குள் நீயே சொன்னாய்,
தீர்த்தகிரி என்று.
சட்டையில் இன்னும் பெட்டி மடிப்பு.
உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கித் தொட்டாய்.
நகத்துக் கறையைப் பார்த்து "பீடியா?" என்றாய்.
காட்பாடி ஸ்டேஷனில் ஏறும்போது
எத்தனையாவது படியில் நிற்பேன் என்று கேட்டாய்.
பதினெட்டாவது.
எண்ணி வைத்திருந்தேன், யாரும் கேட்டதில்லை.
சின்ன வயதுக் காய்ச்சலைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டாய்.

பிறகு மல்லாக்கவே வைத்துக் கேட்டாய்.
கேட்டாய், கேட்டாய்.
உன் நெற்றி வேர்வை என் சட்டையில் விழுந்தது.
நான் மெல்ல, முதுகு பிடித்தவள் மாதிரி,
இடப்பக்கம் சாய்ந்தேன்.

"அம்மா, நேரா படுங்க."
கால்மாட்டிலிருந்து கண்ணாடிக்காரர்.
நீயும் என் தோளைப் பிடித்துப்
பதமாக நேராக்கினாய்.

காய்ச்சல், மூச்சு, படி எல்லாம் உன் கையில் இருந்தன.
ஊகித்து அந்தப் பேரைச் சொல்லியிருக்கலாம்.
"எனக்கு எதுவும் கேக்கல, சார்" என்றாய்.
கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுதியது.

பீடி கம்பெனியில் கணக்குப்பிள்ளை
கட்டுக்கு நாலு உருவி நசுக்கிப் பார்த்துக் கழிப்பார்.
கழித்ததற்குக் கூலி கிடையாது;
கழித்ததையும் அவர்கள் விற்பார்கள்.
அந்தக் கோபத்தோடுதான் படுத்திருந்தேன்.

சாயங்காலம் குழாயடியில் நின்றிருந்தாய்.
என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து,
"முதுகு வலி எத்தன நாளா, அம்மா?
எண்ணெ தேச்சி சுடுதண்ணி ஊத்துங்க."

சரி என்றேன்.
முந்நூறு ரூபாய் முந்தானையில் முடிந்திருந்தது.

பள்ளிகொண்டா தாண்டும்போது
ஆம்பூர் டாக்டர் ஞாபகம் வந்தார்.
மூன்று வருடம் ஆஸ்துமா என்று பஃப் கொடுத்தவர்.
நல்ல மனுஷன்,
என் பிள்ளைகளைப் பேர் சொல்லி விசாரிப்பார்.
ஒரு நாளும் என்னைத் திருப்பியதில்லை.
அந்த மூன்று வருடத்தில் கதவு இன்னும் ஒட்டிக்கொண்டது.
ஒரு பிள்ளை வயிற்றிலேயே போனது.

உன்னைக் கழித்தது சரிதான், தம்பி.
நான் சாய்ந்ததுதான் தப்பு.

ஆறு மாதத்தில் மறு பரீட்சை வைப்பார்களாம்.
ஏழாம் கட்டிலில் நானாகவும் இருக்கலாம்.
ஆணி அடித்த மாதிரி கிடப்பேன், அசைய மாட்டேன்.
கையை அதேபோலச் சூடாக்கிக்கொண்டு வா.
வந்து,
திரும்பச் சொல்.