விரல் எண்ணுதல்

டான் டோக் செங் கண் பிரிவிலிருந்து
செவ்வாய்க்கிழமை காலை கூப்பிட்டார்கள்:
கப்பல்காரர், இந்தியர் மாதிரி இருக்கிறார்,
வந்து பேசிப் பார்.

இந்தியர் மாதிரி இருந்தவர்
ஷாதோஸ்த் மெங்கல், குஸ்தார் மலைநாட்டுக்காரர்.
துவாஸ் தளத்தில் சங்கிலித் துரு தட்டும்போது
தெறித்த பிசிறு வலக்கண்ணில்.
படிவத்தில் இனம்: மற்றவர்.
இந்த ஊரில் நாலு பெட்டிதான்;
கடைசிப் பெட்டியில்
ஒரு குலமே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவருக்கு அரைகுறை உருது,
எனக்குத் தொலைக்காட்சி இந்தி.
வலிக்கிறதா என்றேன்.
பதிலுக்கு 'ஹால்' கொடுத்தார்.
சந்தித்தவருக்குச் சேதி சொல்லாமல்
எதையும் தொடங்கக் கூடாதாம் அவர்கள் வழக்கில்.
மழை இல்லை. மைத்துனிக்குப் பெண் குழந்தை.
குளிருக்கு முன் ஆடுகளோடு
கச்சிச் சமவெளிக்கு இறங்கும் தடத்தில்
இப்போது சோதனைச் சாவடி.
ஏழு தகப்பன்மார் பெயர், விரல் மடக்கி மடக்கி.
அலெப்போவிலிருந்து நடந்து வந்தோம் என்கிறது பழம்பாட்டு.
பாட்டுக்கென்ன, அதற்குக் கால் வலிக்காது, என்றார்.

டாக்டர் க்வெக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்புறம் மெங்கல் என் மார்பைச் சுட்டி,
'நீ' என்றார்.
என் முறையாம்.
ஈசூன், ஐந்தாம் மாடி, வீட்டுக்கடன், தைராய்டு.
அப்பாவின் அப்பாவோடு பெயர் தீர்ந்தது.
அந்த 'நீ' மட்டும் எங்கேயோ தட்டியது;
எங்கே என்று உடனே உறைக்கவில்லை.

சொட்டு மருந்து விழுந்ததும்
பொத்திக்கொண்டு முனகினார்: ஃகன்.
உள்ளே என்ன உறுத்துகிறது?
ஃகல்.
தாதி எழுதவில்லை. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

நல்ல கண்ணை மூடி
டாக்டர் விரல் காட்டினார்.
அசிட். ஒன்றுக்கும் அதற்கும் ஒட்டில்லை.
இரட். என் முதுகு நிமிர்ந்தது.
முசிட். மூன்றா? இருக்கலாம், நான் பண்டிதன் இல்லை.
நாலாம் விரலுக்கு,
'சார்.'
மரியாதை என்று நினைத்துத் தலையசைத்தார் க்வெக்.
அது பாரசீகம்.
மூன்றுக்கு மேல் எண்ண
பக்கத்து மொழியில் கைமாற்று வாங்கியிருக்கிறார்கள்,
எந்தக் காலத்திலோ, எந்த மந்தையை எண்ணவோ.
தனியாக நின்ற அந்த மூன்று ஆடுகளை
ஏன் விற்கவில்லை என்று
யாரிடம் கேட்பது?

மாலையில் அவர் கப்பல் கிளம்பியது.
என் படியைக் கேட்கும் தாளில்
'மொழி' என்று ஒரு கட்டம்.
பிராகுவி என்று எழுதினால் காசு வராது.
இந்தி என்று எழுதினேன்.
ஓரத்தில், பேனாவில் மை இருக்கிறதா
என்று பார்ப்பவன் மாதிரி,
மூன்று புள்ளி வைத்தேன்:
ஃ