சான்றுப் படம்

கேம்பிரிட்ஜில் என் வேலை
சைக்கிள்களுக்கு நாள் குறிப்பது.

காற்றிறங்கிய டயர், துருவேறிய சங்கிலி,
முன்கூடையில் யாரோ குடித்துப் போட்ட காபிக் கோப்பை,
இத்தனையும் சேர்ந்தால்
மஞ்சள் அட்டை கட்டலாம்.
ஏழு நாள் கெடு.
கட்டியதும் ஒரு படம்.
ஏழாம் நாள் அதே இடத்தில் நின்று இன்னொன்று.
அப்புறம் வில்ஃப் வேனிலிருந்து
கட்டரோடு இறங்குவான்,
விசிலடித்துக்கொண்டே.

படம் எப்படி இருக்க வேண்டும் என்று
அலுவலகத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.
பூட்டு தெரிய வேண்டும்.
அட்டை தெரிய வேண்டும்.
தேதி தெரிய வேண்டும்.
அழகைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அழகுக்கு இந்த ஊரில் ஆள் பஞ்சமா?
கிங்ஸ் பரேடில் காலை ஒன்பதுக்கே
தேவாலயத்தின் கோபுரங்களை
இரு விரலால் கிள்ளிப் பெரிதாக்குகிறார்கள்.
"கொஞ்சம் நகர முடியுமா?"
என் ஒளிரும் சட்டை
ஐந்நூறு வருஷத்துக் கல்லைக் கெடுக்கிறதாம்.
நகர்கிறேன்.
நகர்ந்த இடத்தில்
வேறொருவர் படத்துக்குள் போய் நிற்கிறேன்.
ஒசாகாவிலோ லிமாவிலோ
ஏதோ ஒரு வீட்டுச் சுவரில்
குனிந்தபடி நான்
ஒரு சைக்கிளின் காதைத் திருகிக்கொண்டிருக்கக்கூடும்.

அக்டோபரில் ஒரு புகார் வந்தது.
டோபியாஸ் க்ரெய்ல், முனைவர் பட்ட ஆய்வு, நான்காம் ஆண்டு.
பச்சை நிற ராலே.
தினமும் ஓட்டுகிற வண்டியை
போன வாரம், அறிவிப்பே இல்லாமல்,
நாங்கள் அறுத்துப் போய்விட்டோமாம்.
இரண்டு பக்கம். மூன்று அடிக்குறிப்பு.

மழையில் நனைந்து நேரிலும் வந்தார்.
கணினியில் ராலேயைத் தேடினேன்.
அக்டோபரில் இல்லை.
செப்டம்பரில் இல்லை.
கோடை முழுக்க இல்லை.

மார்ச் நான்கு, மாலை நாலு பத்து.
பூட்டு, அட்டை, தேதி.
ஓரத்தில், கொஞ்சம் கலங்கலாய்,
போனைப் பார்த்தபடி நடக்கிற நெட்டை ஆள்.
சிவப்பு மப்ளர்.
மேசைக்கு அந்தப் பக்கம்
அதே மப்ளர் சொட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் பதினொன்று.
மறுபடி அவர்தான்.
இந்தத் தடவை போன் இல்லை.
நேராகச் சைக்கிளைத்தான் பார்க்கிறார்.
பார்வை கம்பிகளுக்கு ஊடே போய்
பின்சுவரில் முட்டி நிற்கிறது.

ரேடியேட்டர் டிக் டிக்கென்றது.
நான் எதுவும் சொல்லவில்லை, பொத்தானையும் அழுத்தவில்லை.

"அன்றைக்கு மழையா?" என்று கேட்டார்.
"தரை ஈரமாகத்தான் இருக்கிறது."
"மார்ச்சில்," என்றார், "மார்ச்சில் நான்..."
அதோடு விட்டார்.
நானும் இழுக்கவில்லை.

சைக்கிள் ஏலத்தில் பதினெட்டு பவுண்டுக்குப் போயிருந்தது.
தலையாட்டினார்,
யாருடைய வண்டியோ போல.
பிறகு, படம் கிடைக்குமா என்றார்.
எது?
இரண்டாவது.
நான்கு வருஷத்தில் இந்த ஊரில்
அவர் சிரிக்காமல் எடுத்த படம்
அது ஒன்றுதானாம்.

அதற்கு ஒரு படிவம் உண்டு, இரண்டு பவுண்டு.
எங்கள் பிரிண்டரில் நீல மை தீர்ந்து மாதமாகிறது.
சாம்பல் வானம் செங்கல் நிறத்தில் வந்தது,
முகம் காய்ச்சல்காரன் முகம்போல் சிவந்து.
புகார்க் கடிதத்துக்குள்ளேயே அதை மடித்து வைத்து
இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ட்ரினிட்டி தெரு.
இரும்புக் கிராதியில் ஒரு கறுப்பு சைக்கிள், சீட்டே இல்லை.
அட்டை கட்டிவிட்டு கேமராவைத் தூக்கினேன்.
சந்தையிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள்,
பை இல்லாமல், காலிஃபிளவர் ஒன்றை
கைக்குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு.
பூட்டு தெரிந்தது.
அட்டை தெரிந்தது.
தேதி தெரிந்தது.
காலிஃபிளவர் பாதிதான் தெரிந்தது.

யாரும் சொல்லாமலே
ஓரடி நகர்ந்தேன்.