ஒன்றே முக்கால் லட்சம் காற்று

மூலக்கொத்தளத்தில் ஹாஜா பட்டறை.
கிழித்த காலண்டர் தாளின் முதுகில்
அவன் எழுதித் தந்த கணக்கு:
நாலு காற்றுப் பை, ஒரு கம்ப்ரஸர்,
டேங்க், வால்வு, குழாய், கூலி.
ஒன்றே முக்கால் லட்சம்.
"பில் வேணும்னா வரி தனிக்கா."
தாளைத் திருப்பினால் கரிநாள்.

வண்டியையே நாலேகால் லட்சத்துக்குத்தான் வாங்கினோம்,
மூன்றாவது கையாக.
ஏழு பேர் உட்காரலாம். நாங்கள் நாலு பேர்.
மிச்ச இடத்தில் அரிசி மூட்டை,
ஜெபினின் ஸ்கேட்டிங் ஷூ,
யாருடையதென்று தெரியாத ஒரு குடை.

பெர்னாட் டிரெய்லர் ஓட்டுகிறான்,
பத்தொன்பது வருஷமாக.
ஜீரோ கேட்டில் வரிசையில் நிற்பது பாதி வேலை,
மீதி வேலை குலுங்குவது.
ஸ்கேனைத் தூக்கிப் பிடித்த டாக்டர்
எல் நாலு, எல் அஞ்சு என்றார்,
பஸ் நம்பர் சொல்கிற மாதிரி.
"குலுங்காமப் பாத்துக்குங்க."
சரி என்று தலையாட்டிவிட்டு
எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வந்தோம்.

போன வருஷம் அவன் கம்பெனி
கண்ணாடிச் சரக்குக்கென்று புது டிரெய்லர் எடுத்தது.
கண்ணாடி படுக்கிற பக்கம் காற்றுப் பை.
இவன் உட்காருகிற பக்கம்
அதே பட்டை ஸ்பிரிங்.
"ஒரு கீறல் விழல, தெரியுமா?"
பெருமையாகச் சொல்லிக்கொண்டே
தரையில் குப்புறப் படுத்தான்.
தைல பாட்டிலைத் திறந்தேன்.
அன்றைக்கு வந்த ஆசை இது,
எனக்கு வந்தது. அவனுக்கில்லை.

ஹாஜா தன் மச்சான் காரைக் கொடுத்தான்,
"ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."
ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டில்
வஞ்சிரத்துக்கு விலை கேட்டு, சங்கரா வாங்கி ஏறினோம்.
சாவியைத் திருப்பியதும்
கார் பெருமூச்சு விட்டு எழுந்து நின்றது.
பள்ளம் வந்தது.
வந்ததா?
கன்டெய்னர்கள் அரைத்துப் போட்ட ரோட்டில்
யாரோ இரவோடு இரவாக
மெத்தை விரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை
பெர்னாட் அன்று தொடவில்லை.
டோல்கேட் வருவதற்குள் தூங்கிப்போனான்.
பகல் வெளிச்சத்தில் அவன் தூங்கும் முகத்தை
எப்போது பார்த்தேனோ.
காலடிப்பேட்டைக்குத் திரும்பவேண்டிய இடத்தில்
நான் திரும்பவில்லை.
ஒன்றும் யோசிக்கவில்லை, திரும்பவில்லை, அவ்வளவுதான்.
திருவொற்றியூர் போனது. எர்ணாவூர் பாலம் போனது.
சாம்பல் வாடை வந்தது.
"அம்மா, மீன் கெட்டுப் போவுது"
என்றாள் ஃப்ளேவியா.

ஹாஜா நல்லவன், அதுதான் தொந்தரவு.
அவனே சொன்னான்:
"உப்புக் காத்துக்கா. ரப்பர் வெடிக்கும், வால்வு பூக்கும்.
ராத்திரி நிறுத்துன வண்டி
காலைல கோழி மாதிரி அடை உக்காந்திருக்கும்.
மழைத்தண்ணி ஏறிச்சுன்னா கம்ப்ரஸர் குடிச்சிரும்.
சாமான் வர ஒரு மாசம்.
டாக்ஸிக்காரன் கேட்டா மாட்டிட்டு அனுப்பிருவேன்."

ராத்திரி கணக்கு போட்டோம்.
ஃப்ளேவியாவுக்கு பாலிடெக்னிக் ஃபீஸ்.
வீட்டு அட்வான்ஸ் ஏறுகிறது.
"நான் என்ன கண்ணாடியா?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புஷ் மாற்றினோம். நாலு ஷாக் அப்சார்பர் புதுசு.
பதினோராயிரத்து நானூறு.
பங்க் பையன் கேட்கிறான்: "காத்து எவ்ளோக்கா?"
"முப்பத்தொண்ணு."
"முப்பத்தஞ்சு வைப்பாங்களே?"
"முப்பத்தொண்ணு வை."
அவன் தலைக்குமேல் போர்டு: காற்று இலவசம்.

வித்தியாசம் தெரியுதா என்றால்
தெரியுது என்கிறான்.
ஆனால் டிப்போவுக்கு முன்னால் அந்த மேன்ஹோல்
வருவதற்கு முன்பே
அவன் கை மேலே போய்விடுகிறது.

இரண்டாவது கியருக்கு இறங்கி,
அப்புறம் முதலுக்கும் இறங்கி,
ஒவ்வொரு சக்கரமாக
இறக்கி ஏற்றுகிறேன்.
பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரனை அலற விடுகிறது.
அலறட்டும்.
காலண்டர் தாள் இன்னும்
டேஷ்போர்டு பெட்டிக்குள்தான் இருக்கிறது.