முதல் எண்

கீழமாசி வீதி தானியக் கடையில்
மூட்டைக் கொக்கி கிழித்த முழங்கையோடு
பெரியாஸ்பத்திரிக்கு வந்திருந்தார் சோணைமுத்து.

மரத்துப்போக ஊசி போட்டும்
வலித்திருக்க வேண்டும்.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு
நான் போடும் தையலை
அவரே எண்ணினார்:

லாபம்.
ரெண்டு.
மூணு.

என் கை நின்றது.
"ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டோம் தாயி,
படியளந்த வாயி" என்றார்.

மொத்தம் ஒன்பது.
பத்து நாள் சுமை தூக்கக் கூடாது.
தூக்காத நாளுக்குக் கூலி இல்லை;
கணக்கப்பிள்ளை அதற்கு
என்ன சொல் வைத்திருக்கிறாரோ.

நைட் டூட்டி முடிந்து
பஸ்ஸில் பர்ஸைத் திறந்தேன்.
இருபத்தேழாம் தேதி.
நூறு ரூபாய்த் தாளை எடுத்து
எண்ணத் தொடங்கினேன்,
லாபம்.

அடுத்த தாள் இல்லை.
கண்டக்டர் சில்லறை கேட்டார்.